ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி

கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறவன், சொந்த அண்ணன் விஷயத்தில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு காரியம் செய்வான் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். செய்தான். ஐம்பத்தெட்டு வயது, தலை முழுக்க நரை. அவன் இவன் என்று சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் இந்தக் கதையில் அவன் தம்பி, நடந்துகொண்டதும் அப்படித்தான். அதனால் 'அவன்' என்றே இருக்கட்டும்.

அண்ணனுக்கு அறுபத்தைந்து. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவர் கைபட்ட லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி குடியிருக்கிற கட்டடத்தில் மட்டும் லிஃப்டே கிடையாது. மூன்றாவது மாடி, ஐம்பத்துநான்கு படி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்தரை மணிக்கு அண்ணன் ஒரு தோல்பையில் கனமான பெட்டி ஒன்றை வைத்துத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளை ஏறுவார். பதினோரு வருஷமாக இது நடந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் அவருக்குப் 'பெட்டிக்காரர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவர் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட ஆட்களும் உண்டு.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஆறு வருஷத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த பாட்டு செட் ஒன்று இருந்தது. பிரீ ஆம்ப் ஒன்று, பவர் ஆம்ப் ஒன்று, இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர் இரண்டு. எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம் என்று முடிவு செய்வது பிரீ ஆம்ப். அதற்கு வலுக்கொடுத்து ஸ்பீக்கருக்குத் தள்ளுவது பவர் ஆம்ப். ஒன்று இல்லாவிட்டால் மற்றது வெறும் இரும்புதான். இப்படித் தனித்தனியாக இருந்தால்தான் சத்தம் சுத்தமாக வரும் என்பது அந்த வயதில் இருவருக்கும் வேதவாக்கு. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்த இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயரைக் கடையில் பார்த்தால் 'ரெடிமேட் சட்டை' என்று சிரிப்பார்கள்.

பிறகு கல்யாணங்கள் ஆயின, வீடுகள் பிரிந்தன. செட் அண்ணன் வீட்டில் இருந்தது, அம்மாவும் அங்கேதான் இருந்தார். ஒரு தடவை புது மெஷின் பழகுவதற்காகக் கடையிலிருந்து தம்பியைப் பத்து நாள் வெளியூர் அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளில் அம்மா படுத்தார். அண்ணன் தகவல் சொல்லவில்லை. தேறிவிடுவார், அவனை எதற்கு அலைக்கழிப்பது என்று நினைத்தார். அம்மா தேறவில்லை. தம்பி வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைத் துணி மூடியிருந்தது.

சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால் தம்பி அன்றைக்குக் கத்தினான். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சேன்னா ஏன்னு கேளு" என்றான். அண்ணனை ஒருமையில் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான். மறுவாரம் ஒரு வேனை அனுப்பி, தன் பங்கு என்று பவர் ஆம்பையும் ஸ்பீக்கர்களையும் எடுத்துவரச் சொன்னான். அண்ணனே வேன்காரரோடு சேர்ந்து ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார். பிரீ ஆம்ப் மட்டும் அங்கே நின்றுவிட்டது.

நாலு மாதம் இரண்டு வீட்டிலும் அந்தச் செட் வாயடைத்துக் கிடந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அண்ணன் தோளில் தோல்பையோடு நின்றார்.

"ஓட்டாம வெச்சா உள்ள கெபாசிட்டர் போயிடும்டா. ஒரு மணி நேரம் ஓட்டிட்டுப் போயிடறேன்."

தம்பி வழிவிட்டான். அவர்களுடைய சமாதானம் அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. அண்ணன் பெட்டியை எடுத்து ரேக்கில் வைத்தார், வயர்களைச் சொருகினார், சட்டைப் பையிலிருந்து ஒரு வயலின் சிடியை எடுத்துத் தம்பியின் சிடி பிளேயரில் போட்டார். இருவரும் ஒரு மணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் அவர் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் பேசியதெல்லாம் செட்டைப் பற்றி மட்டும்தான். இடது பக்கம் லேசாக உறுமுகிறதா, பிளக் சூடாகிறதா, வயரை ஓர் அடி குறைத்தால் என்ன. அம்மா பேச்சை ஒரு நாளும் யாரும் எடுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டா கரன்ட் ஆபீஸ்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்பாள் தம்பியின் மனைவி. ஆனால் டீயும் பிஸ்கட்டும் நேரத்துக்குக் கொண்டுவந்து வைப்பாள். கூடப்பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள இவர்களுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு மணி நேரம் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள்தான் ஒரு நாள் அண்ணனிடம் கேட்டாள். "வாராவாரம் எதுக்கு அதைச் சுமந்துக்கிட்டு? இங்கயே வெச்சுட்டுப் போங்களேன்."

"இல்லம்மா, என் பெட்டி என் வீட்டுலதான் இருக்கணும்" என்றார் அண்ணன்.

மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் புரிந்தது. தம்பிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. என்னை நம்பி ஒரு பெட்டியை விட்டுப்போக மனசில்லை பார் என்று நினைத்துக்கொண்டான். லென்ஸ் தேய்க்கிற மூளை அவ்வளவு தூரம்தான் ஓடியது.

போன வருஷம் முதல் அண்ணனுக்கு மூச்சு சரியில்லை. நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக அண்ணி தம்பி மனைவிக்குப் போனில் சொன்னாள். பத்தரைக்கு வந்துகொண்டிருந்தவர் பத்தே முக்காலுக்கு வந்தார், அப்புறம் பதினொன்றுக்கு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். தம்பி மேலே கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்பான். இறங்கிப் போய்ப் பையை வாங்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் தோன்றும். இறங்கினால் 'உடம்பு எப்படி இருக்கு' என்று கேட்கவேண்டி வரும். அதைக் கேட்டால் அப்புறம் என்னென்னவோ பேசவேண்டி வரும். அதனால் அவன் கதவைத் திறந்துவைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வான். உதடு நீலம் பாரித்து அண்ணன் உள்ளே வந்தால், "இன்னிக்கு வலது பக்கம் கொஞ்சம் கம்மியா கேக்குது" என்பான்.

அவனுக்கும் மனசு இல்லாமல் இல்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அண்ணன் எதற்காகப் படியேறிச் சாகிறார்? பெட்டிக்காக. பெட்டி தேவைப்படாவிட்டால்? கை வீசிக்கொண்டு வரலாம். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஆடியோ கடைக்குப் போய், தன் பவர் ஆம்பைப் பழசாகக் கொடுத்துவிட்டு, ஓர் இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயரை வாங்கிவந்தான்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"எதுக்குக் கேக்கணும்? வந்து பாத்தா சந்தோஷப்படப் போறாரு."

"பழசையாவது குடுக்காம வெச்சிருக்கலாம்ல?"

"வெச்சு என்ன பண்றது? ரேக்குல எடம் ஏது?"

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

வருகிறவருக்கு 'இந்த வாரம் பெட்டி வேண்டாம்' என்று ஒரு போன் செய்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் ஐம்பத்துநான்கு படியும் பெட்டியோடுதான் ஏறினார். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, பதினொன்றே காலுக்கு உள்ளே வந்தார். வந்தவர் பையின் ஜிப்பைத் திறந்துகொண்டே ரேக்கைப் பார்த்தார்.

அவருடைய பெட்டி உட்கார்கிற தட்டு அங்கே இல்லை. தம்பி இரண்டு தட்டையும் ஒன்றாக்கி, நடுவில் புதுசை வைத்திருந்தான். வெள்ளி நிற முகம், பெரிய வட்டத் திருகு, பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

"எல்லாம் ஒண்ணாவே வந்துடுச்சுண்ணே" என்றான் தம்பி. அவன் குரலில் பெருமை இருந்தது. "இனிமே நீங்க இதைத் தூக்கிட்டுக் கஷ்டப்பட வேண்டாம்."

அண்ணன் ஜிப்பை மூடினார். நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். தம்பி சிடியைப் போட்டான். வயலின் நன்றாகத்தான் கேட்டது, உண்மையைச் சொன்னால் பழசைவிடத் தெளிவாகவே கேட்டது. அந்த ஒரு மணி நேரமும் அண்ணன் பையை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. மனைவி டீ கொண்டுவந்தபோது அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறுகையால் கோப்பையை வாங்கினார். அவள் கணவனை முறைத்தாள். அவன் வலது ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்குடா. சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்தார். பிறகு, "பவர் ஆம்ப் எங்க?" என்றார்.

"கடையில குடுத்துட்டேண்ணே."

"ஓ" என்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று தம்பி நினைத்தான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ்வீட்டுக்காரர் ஏறிவந்து, "எங்க, பெட்டிக்காரரைக் காணோமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். தம்பி தனியாகச் சிடியைப் போட்டான். பாதியில் நிறுத்தினான். நல்ல ஆம்ப்ளிஃபயர்தான், குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. கேட்டுவிட்டு 'இடது பக்கம் உறுமுது பாருங்கண்ணே' என்று சொல்ல ஆள் இல்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"மிதிக்க மாட்டேன்னு அத்தனை பேர் முன்னால சொன்னேன்."

"சொன்னீங்க. பதினோரு வருஷமா அதுக்கும் சேத்து அவர்தான் மிதிச்சாரு."

அவனுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் போகவில்லை. வேறொரு தந்திரம் செய்தான். புது ஆம்ப்ளிஃபயரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினபோது ஒரு படம் கண்ணில் பட்டிருந்தது. பெட்டியின் முதுகில் லாடம் மாதிரி வளைந்த இரண்டு சின்ன உலோகப் பின்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கிற பிரீ பாகத்தையும் பவர் பாகத்தையும் இணைப்பது அவைதான். அவற்றைக் கழற்றிவிட்டால் பெட்டி ஊமையாகிவிடும். ஆனால் அந்த ஓட்டைகளில் வெளியிலிருந்து வேறொரு பிரீ ஆம்பை மாட்டலாம். தம்பி இரண்டு பின்னையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தான்.

"அண்ணே, புதுசு மக்கர் பண்ணுது. சத்தமே வரலை. உங்க பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிப் பாத்தா தெரியும். படியேற வேண்டாம், கீழ வந்து நான் தூக்கிக்கறேன்."

பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

"பின்னாடி ரெண்டு பின் இருக்கும் பாரு, லாடம் மாதிரி" என்றார் அண்ணன். "அது கழண்டிருக்கும். துடைச்சுட்டு அழுத்திச் சொருகு. சரியாயிடும்."

"பாக்கறேண்ணே."

"ம். வெச்சிடறேன்."

பார்க்காமலேயே எப்படிச் சொன்னார் என்று தம்பிக்கு வியப்பாக இருந்தது. மெக்கானிக் புத்தி என்று நினைத்துக்கொண்டான். பின்களைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடி சொருகினான். பெட்டி பாடியது. அவன் அதை அணைத்துவிட்டு, மனைவி எதிரிலேயே உட்கார்ந்து அழுதான். "போங்க" என்றாள் அவள். "ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. போங்க."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை போனான். தெரு மாறியிருந்தது, வீடு மாறவில்லை. வாசலில் நின்று, மிதியடியைப் பார்த்தபடி, இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கினான். அவன் ஏறியது இரண்டே படி. அண்ணிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி" என்றாள், போன வாரமும் வந்துபோனவனிடம் சொல்வதுபோல. "உக்காருங்க. மூச்சுக்கு நெபுலைசர் வைக்க முக்குல கிளினிக்குக்குப் போயிருக்கார். பத்து நிமிஷத்துல வந்துடுவார்."

ஹாலில் அதே சோபா, உறை மட்டும் வேறு. பழைய செட் இருந்த மூலையைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றான், கண் போய்விட்டது. அங்கே ஒரு மேசையில் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர். வெள்ளி நிற முகம், பெரிய வட்டத் திருகு. தன் வீட்டில் இருப்பதற்கு அண்ணன் முறை ஆகவேண்டும், அதே கம்பெனியின் பழைய மாடல். திருகைச் சுற்றி விரல்பட்டுப் பட்டு மெருகு தேய்ந்திருந்தது.

"இது எப்ப வாங்கினது அண்ணி? புதுசா?"

"புதுசா!" என்று அண்ணி சிரித்தாள். "பொண்ணு முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தது தம்பி. ஒம்பது வருஷம் ஆச்சு. தினம் சாயங்காலம் இதுலதான் கேப்பார்."

தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதுபோல அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த பிரீ ஆம்ப்…"

"அதுவா, சும்மா கிடக்கும். ஞாயித்துக்கிழமை காலைல எழுந்து துணியெடுத்துத் துடைப்பார். நான் தலைபாடா அடிச்சுக்குவேன். மூச்சு வாங்குதே, வெறுங்கையோட போய்ட்டு வாங்களேன், உங்க தம்பி வீடுதானேன்னு சொல்வேன். 'சும்மா போனா, என்னன்னு போய் நிக்கிறது'ம்பார்."

தம்பி வருஷங்களைக் கணக்குப் போட்டான். ஒன்பது வருஷமாக, தனக்குத் தேவையே இல்லாத ஒரு பெட்டியை, கடைசி ஒரு வருஷம் சுருங்கிப்போன நுரையீரலோடும், ஒரு மனுஷன் ஐம்பத்துநான்கு படி தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மேலே கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன் இவன்.

"இப்ப எங்க அது?" என்றான்.

"போன வாரம் பழைய சாமான்காரன் வந்தான். எடுத்துட்டுப் போப்பான்னுட்டார். அதைத் துடைக்கிற துணியைக்கூட அதுலயே சுத்திக் குடுத்துட்டார்."

அப்போது அண்ணன் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கீழே கிடந்த தம்பியின் செருப்பைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே வர நேரம் எடுத்துக்கொண்டார். வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் பை இல்லாமல் அவர் ரொம்பச் சிறுத்துத் தெரிந்தார்.

"எப்ப வந்தே?"

"இப்பதாண்ணே."

"உன்னது சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. பின்னுதான்."

"ம்" என்றார் அண்ணன்.

அண்ணி உள்ளே போனாள். இருவரும் மேசையிலிருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார்கள். தம்பியின் மனசுக்குள் அம்மா முகத்து மேல் கிடந்த துணி வந்தது, படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

"எதுக்குடா?"

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கேட்டுவிட்டுத் தம்பியின் முகத்தையே பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

சும்மா வாங்க என்று சொல்லியிருக்கலாம். உங்களைப் பாக்கணும் என்று சொல்லியிருக்கலாம். தம்பி ஸ்பீக்கரைப் பார்த்தான், அதன் பின்னால் போகிற வயரைப் பார்த்தான்.

"இல்லாட்டி நான் வர்றேன். இந்த வயர் ரொம்ப மெலிசா இருக்கு. மாத்திக் குடுக்கறேன்."

அண்ணன் பிடித்திருந்த மூச்சை விட்டார். நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"வயர் நல்லாத்தான்டா இருக்கு" என்றார்.

தம்பி டீ குடித்தான். கோப்பையைக் கீழே வைத்தான். "சரிண்ணே, வர்றேன்" என்று எழுந்தான். அண்ணன் கண்ணை மூடியபடி தலையசைத்தார். அண்ணி வாசல் வரை வந்து, வீட்டுக்கு வந்துபோகிற எல்லோரிடமும் சொல்வதுபோல, "அடிக்கடி வாங்க தம்பி" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான். அடுத்த வாரம் வருவதற்கு ஒரு காரணம் யோசித்துக்கொண்டே நடந்தான். பஸ் ஸ்டாப் வந்துவிட்டது, ஒன்றும் தோன்றவில்லை.